மாட்டுப் பொங்கலன்று புதைத்தது

வலி மண்ணுக்குள் போய்விட்டது என்றே எங்கள் வீட்டில் அன்று எல்லோரும் நம்பினார்கள். என் வயிற்றிலிருந்து வெட்டியெடுத்த குடல்வாலை, அது மிதந்துகொண்டிருந்த பிளாஸ்டிக் பாட்டிலோடு சேர்த்து, மாட்டுப் பொங்கலன்று காலையில் என் மாமியார் கொல்லையில் புதைத்துவிட்டார். புதைத்த இடத்தில் ஒரு வாழைக்கன்றையும் நட்டார். உடம்பிலிருந்து வந்ததை மண்ணுக்குக் கொடுத்துவிட்டால் அதோடு ஒட்டிய நோவும் போய்விடும் என்பது அவருடைய நம்பிக்கை. கணவர் அதை மறுக்கவில்லை. தையல் போட்ட வயிற்றோடு நர்சிங் ஹோம் கட்டிலில் கிடந்த எனக்கு இதில் எதுவும் தெரியாது.

எங்கள் ஊர் பாகூர் ஏரிப் பாசனத்தில் உள்ள சிறிய கிராமம். கணவருக்கு நெல்லும் கரும்பும். எனக்குப் பக்கத்து ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியில் வரலாறு கற்பிக்கும் வேலை. மகள் அப்போது பதினோராம் வகுப்பு. எங்கள் மூவரையும் மாடுகளையும் ஒரே குரலில் அதட்டி நடத்தியவர் என் மாமியார். அவரை நான் அத்தை என்றுதான் அழைப்பேன்.

போகிக்கு முந்தின நாள் வலது அடிவயிற்றில் பிடித்த வலியை முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அத்தை பெருங்காயத்தைச் சுட்டு மோரில் கரைத்துக் கொடுத்தார். மறுநாள் என்னால் நிமிர்ந்து நிற்க முடியவில்லை என்றானதும் கடலூர் சாலையில் ஒரு நர்சிங் ஹோமுக்குக் கொண்டுபோனார்கள். குடல்வால் வீங்கியிருக்கிறது, வெடிப்பதற்குள் எடுத்துவிட வேண்டும் என்றார் மருத்துவர். அன்றே எடுத்தும் விட்டார்.

அறுத்தெடுத்ததைத் தட்டில் வைத்து, வெளியே காத்திருக்கும் உறவினரிடம் காட்டுவது இங்கே வழக்கம். கணவரிடமும் காட்டியிருக்கிறார்கள். விரல் அளவு இருக்கும் என்று எதிர்பார்த்ததாகவும், பிஞ்சுக் கத்தரிக்காய் போல உப்பி இருந்ததாகவும் பின்னால் சொன்னார். "உள்ள ஜவ்வு மாதிரி இருந்துச்சிங்க. பயப்பட ஒண்ணுமில்ல. ஆனா பயாப்சிக்குக் குடுத்துடுங்க" என்று சொல்லி, பாட்டிலின் மூடியை இறுக்கி, பையில் போட்டு அவர் கையில் கொடுத்திருக்கிறார் மருத்துவர். டவுனில் இருக்கும் பரிசோதனைக் கூடத்துக்கு அதை எடுத்துப்போக வேண்டியது வீட்டாரின் வேலை. கூடம் பொங்கலுக்காக மூடியிருந்தது. பொங்கலன்று இரவு குளித்து மாற்றுத்துணி எடுத்துவர வீட்டுக்குப் போன அவர், பையை வீட்டுக்குள் கொண்டுபோக மனம் வராமல் மாட்டுக்கொட்டகைக் கழியில் மாட்டிவிட்டு என்னிடம் திரும்பி வந்துவிட்டார்.

மாட்டுப் பொங்கலன்று விடிந்ததும் மாடுகளை அவிழ்க்கப் போன அத்தையின் தலையில் அந்தப் பை இடித்திருக்கிறது. உடனே மகனுக்குப் போன் செய்தார். நான் கண்ணை மூடிக் கிடந்தேன். தூக்கத்தினூடே போனிலிருந்து அத்தையின் குரல் தெறித்தது மட்டும் காதில் விழுந்தது. என்ன பேசினார்கள் என்பதைப் பல மாதம் கழித்துக் கணவர் சொல்லித்தான் அறிந்தேன்.

"இன்னாடா இது, கொட்டாயில தொங்குது?"

"அதாம்மா, அவ வயித்துல எடுத்தது."

"மாட்டுக்குப் பொங்க வைக்கிற நாளும் அதுவுமா மனுச சதைய கொட்டாயில தொங்கவுட்டுட்டுப் போயிருக்கியே, உனக்கு அறிவு இருக்குதா?"

"அங்கியே இருக்கட்டும்மா. லேபு தொறந்ததும் குடுக்கணும்."

"இருக்கட்டுமா? நாயி இழுத்துக்கினு போவட்டும்ன்றியா?"

பிறகு அவர் செய்தது, எங்கள் பக்கத்தில் பிள்ளை பிறந்த வீட்டில் பெரியவர்கள் செய்வதைத்தான். என் மகள் பிறந்தபோது நஞ்சுக்கொடியை மருத்துவமனையிலிருந்து வாங்கிவந்து தென்னையடியில் ஆழமாகப் புதைத்தவரும் அவரே. நாய் தோண்டக்கூடாது, காக்கை கொத்தக்கூடாது, வேண்டாதவர் கையில் சிக்கக்கூடாது. பிறப்பில் வந்த சதைக்கு உரிய மரியாதையை நோயில் வந்த சதைக்கும் அவர் கொடுத்தார். பாட்டிலைத் திறந்து பார்க்கவில்லை. மஞ்சள் துணியில் சுற்றி, விபூதி வைத்துக் குழிக்குள் இறக்கினார்.

தையல் பிரிக்கப் போனபோது, பரிசோதனை முடிவு வந்துவிட்டதா என்று மருத்துவர் கேட்டார். "குடுத்திருக்கு சார், வரும்" என்றார் கணவர். நான் பக்கத்தில்தான் நின்றேன். அவர் சொன்னதை நம்பினேன். பிறகு அறுவடை வந்தது, தேர்வுகள் வந்தன, கரும்பு வெட்டு வந்தது. வலியே இல்லாத வயிற்றைப் பற்றி யாரும் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

ஆடி மாதத்தில் என் ரவிக்கைகள் இறுகத் தொடங்கின. வீட்டில் எல்லோருக்கும் அதில் மகிழ்ச்சி. "இப்பதான் பாக்க ஒரு பொம்பளையா இருக்கிறா" என்று அத்தை வருவோர் போவோரிடம் எல்லாம் சொன்னார். மருமகள் பூசினாற்போல் இருப்பது அவர் போட்ட சோற்றுக்கு ஒரு சான்றிதழ். ஆசிரியர் அறையில் என்னோடு வேலை செய்யும் ஆசிரியை ஒருத்தி, கதவைச் சாத்திவிட்டு, "டீச்சர், எங்கிட்ட மட்டும் சொல்லுங்க, விசேஷமா?" என்று காதோரம் கேட்டாள். கல்லூரிக்குப் போகவிருக்கும் பெண்ணை வைத்துக்கொண்டு விசேஷமாவது என்று இருவரும் சிரித்தோம்.

அந்தச் சிரிப்பு முடிந்த இடத்தில்தான் எனக்குப் பயம் தொடங்கியது என்று நினைக்கிறேன். பிறர் கண்ணுக்கு நான் பருத்துக்கொண்டிருந்தேன். குளியலறையில் ஆடையில்லாமல் நிற்கும்போது உண்மை வேறாக இருந்தது. தோள் எலும்புகள் துருத்தின, கைகள் மெலிந்தன, வளையல் முழங்கை வரை ஏறியது. வயிறு மட்டும் வளர்ந்தது. கொழுப்பாக இருந்தால் அழுத்தும்போது விரலுக்கு விலகிக் கொடுக்கும். இது விலகவில்லை. பிசைந்து மூடிவைத்த மாவைத் தொடுவது போல் கனத்து நின்றது. இரண்டு இட்லிக்கு மேல் இறங்கவில்லை. பாவாடை நாடா பதிந்த தடம் அவிழ்த்த பின்னும் நெடுநேரம் அழியாமல் இருந்தது. ஒருவரிடமும் சொல்லாமல் தினமும் கதவைத் தாழிட்டுக்கொண்டு அந்த இடத்தை அழுத்திப் பார்ப்பேன். சொல்லிவிட்டால் அது நிஜமாகிவிடும் என்று பயந்தேன்.

ஐப்பசி மழையில் மூச்சு வாங்கத் தொடங்கியதும் மறைக்க முடியவில்லை. கணவரின் பைக்கில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனோம். அதுவரை என் பள்ளியைப் பற்றியும் தன் பழைய வரலாற்று ஆசிரியையைப் பற்றியும் கலகலப்பாகப் பேசிக்கொண்டிருந்த ஸ்கேன் மருத்துவர், கருவியை வயிற்றில் வைத்துச் சிறிது நேரத்தில் பேச்சை நிறுத்தினார். திரையை என் பக்கத்திலிருந்து மெல்லத் திருப்பிக்கொண்டார். நோயின் பெயரைப் பிறகு பலர் பல விதமாக எனக்குச் சொன்னார்கள். எனக்கு அது முதலில் அந்தத் திரை திரும்பியபோதே தெரிந்துவிட்டது.

அறுவை மருத்துவர் என் வயதுப் பெண்மணி. படங்களைப் பார்த்துவிட்டு, எங்கள் இருவரையும் உட்காரச் சொன்னார்.

"வயிறு முழுக்க ஜவ்வு நிக்குது. முன்னாடி குடல்வால் எடுத்தாங்க இல்ல, அதோட பயாப்சி ரிசல்ட் என்ன?"

நான் கணவரைப் பார்த்தேன். அவர் மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குடுத்திருந்தீங்களே" என்றேன்.

"குடுக்கல."

"அப்ப பாட்டில் எங்க?"

"அம்மா பொதைச்சிடுச்சி."

அறையில் இருந்த செவிலி தலை நிமிர்ந்தாள். மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"பாட்டிலோடவா?"

"பாட்டிலோடதாங்க."

"மூடியத் திறந்தாங்களா?"

"இல்லீங்க. மஞ்சத் துணில கட்டி அப்படியே வச்சிடுச்சி."

அவர் சிரித்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டிவிடுவார் என்றும் எதிர்பார்த்தேன். அவர் இரண்டும் செய்யவில்லை. "மூடி இறுக்கமா இருந்தா அந்த மருந்துத் தண்ணியில சதை கெட்டுப்போகாது. வயித்துல ஊசி போட்டு எடுத்தா வெறும் ஜவ்வுதான் வரும், அதுல ஒண்ணும் தெரியாம போகலாம். இது தொடங்குன இடம் அந்தக் குடல்வால். எனக்கு அதுதான் வேணும். போய்த் தோண்டி எடுத்துட்டு வாங்க" என்றார்.

பிறகு என் பக்கம் திரும்பி, மறைக்காமல் சொன்னார். குடல்வாலில் வரும் புற்றுநோய் அரிதானது. அதில் மெதுவாக வளர்வது ஒன்று, வேகமாகப் பரவுவது ஒன்று. மெதுவானது என்றால் ஒரு பெரிய அறுவை சிகிச்சை உண்டு, அதற்குப் பின் நீண்ட ஆயுளும் கிடைக்கலாம். மற்றது என்றால் கத்தி வைப்பதிலேயே பயன் இருக்குமா என்று யோசிக்க வேண்டியிருக்கும். குடல்வால் கசிந்து, வயிற்றுக்குள் விதை மாதிரி சிதறியிருக்கிறது என்றார். அரிது என்ற சொல்லை அதுவரை செப்பேடுகளுக்கும் பழைய நாணயங்களுக்கும்தான் நான் வகுப்பில் பயன்படுத்தியிருந்தேன்.

வண்டியில் திரும்பும்போது கணவர் ஒவ்வொரு பள்ளத்திலும் வேகத்தைக் குறைத்து ஓட்டினார். அவர்மேல் கோபப்பட வேண்டும் என்று தெரிந்தது. கோபத்துக்கு உள்ளே இடம் இருக்கவில்லை, எல்லா இடத்தையும் பயம் எடுத்துக்கொண்டிருந்தது. அவருடைய சட்டையின் முதுகுப்புறத்தைப் பற்றிக்கொண்டு, இது மெதுவானதாக இருக்கட்டும் என்று யாரிடம் என்றில்லாமல் கேட்டுக்கொண்டே வந்தேன்.

தாய்க்கு அவர் முழுதாக எதையும் விளக்கவில்லை. "அந்தப் பாட்டில எங்கம்மா பொதைச்ச? டாக்டரு கேக்கறாங்க" என்றார். அத்தை என் முகத்தைப் பார்த்தார். நேரே கொல்லைக்குப் போய் வாழையின் கிழக்குப் பக்கத்தைக் காலால் தட்டிக் காட்டினார். தையில் நட்ட கன்று தடித்த மரமாகிக் குலை தள்ளும் தருவாயில் நின்றது.

மண்ணைத் தோண்டி எடுப்பதைப் பற்றி வகுப்பில் எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். முதுமக்கள் தாழிகளைப் பற்றிப் பேசும்போது பிள்ளைகள் கதை கேட்பது போல் கேட்பார்கள். அன்று பின்வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து, என்னுடைய ஒரு பகுதியை என் கணவர் தோண்டுவதைப் பார்த்தேன். மழையில் ஊறிய மண் மண்வெட்டியில் அப்பிக்கொண்டு வந்தது. எனக்கு முன்பே நான் கொஞ்சம் புதைக்கப்பட்டிருந்தேன் என்ற எண்ணம் வந்ததும் கால் விரல்கள் விறைத்தன.

வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

"இன்னாண்ணே, மழைல தோண்டறே? பொதையலா? பாதி எனக்குக் குடுத்துடு."

"முழுசும் நீயே எடுத்துக்கோடி, போ" என்றார் அத்தை, எரிச்சலில். சொன்ன வேகத்தில், எதைக் கொடுக்கிறோம் என்பது உறைத்திருக்க வேண்டும். மண் அப்பிய கையாலேயே தன் வாயில் பளீர் பளீரென்று அடித்துக்கொண்டார். "ஐயோ, இல்லம்மா, உனக்கு வேணாம்மா, நீ உள்ள போம்மா" என்று கெஞ்சினார். அவள் விழித்துக்கொண்டு நின்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. வயிறு இறுகிச் சிரிக்க முடியவில்லை.

மண்வெட்டியை வாங்கி எறிந்துவிட்டு, கடைசியில் அத்தைதான் குழிக்குள் கைவிட்டு அதை எடுத்தார். துணி மக்கிப் பிசுபிசுத்தது. பாட்டில் உடையவில்லை. மூடி இறுக்கமாகவே இருந்தது. கலங்கிய நீருக்குள் பழுப்பாக ஏதோ அசைந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொள்ள நினைத்தேன். ஆனால் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

முடிவு வரும்வரை காத்திருந்த நாட்களை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அந்த நாட்களில் எதுவும் நடக்கவில்லை. பள்ளிக்கு விடுப்பு. நினைவு தெரிந்த நாளிலிருந்து புத்தகம் இல்லாமல் நான் இருந்ததில்லை. அப்போது ஒரு பக்கத்தைக்கூடக் கடக்க முடியவில்லை. வரலாற்றில் மரணம் பன்மையில் வரும், எப்போதும் பிறருக்கே வரும். பஞ்சத்தில் மாண்டவர்கள், போரில் மாண்டவர்கள் என்று நானும் சாக்பீஸ் பிடித்துக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, கோடிட்டு, தேர்வுக்குக் கேட்டிருக்கிறேன். அடுப்பில் பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அடுத்த ஆடியில் இந்தப் பாலை யார் இறக்குவார்கள் என்று தோன்றும். பாலை இறக்க மறந்துவிடுவேன்.

மகளிடம் பாதிதான் சொல்லியிருந்தோம். அவள் மீதியைத் தானே தேடிப் படித்துவிட்டாள் என்பது அவள் என்னிடம் காட்டிய அதிகப்படியான கேலியிலிருந்து தெரிந்தது.

"அம்மா, அப்பெண்டிக்ஸ் ஒரு உபயோகமும் இல்லாத உறுப்புன்னு எங்களுக்கு நடத்துனாங்க. உன்னுது இவ்ளோ வேல பண்ணியிருக்குது."

"பரீட்சையில அப்பிடியே எழுதி வைக்காத. மார்க் போயிடும்."

"போனா போவட்டும். நீ வந்து மிஸ்கிட்ட சண்ட போடு."

"வரேன்" என்றேன். அவள் என் மடியில் தலைவைக்க வந்து, வயிற்றில் படாமல் முழங்காலில் வைத்துக்கொண்டாள்.

அத்தை அந்த நாட்களில் மெலிந்தார். ஒருநாள் கொல்லைப் பக்கம் வெட்டும் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தால், அந்த வாழையை அரிவாளால் சாய்த்துக்கொண்டிருந்தார். பூ எட்டிப்பார்த்துவிட்ட மரம். குலை தள்ளும் மரத்தை வெட்டுவதற்கு அவரைப் போன்ற ஒருவரின் கை எழாது. கிழங்கையும் விடாமல் பெயர்த்து, தண்டு, இலை, பூ எல்லாவற்றையும் இழுத்துப்போய் எருக்குழிக்கு அப்பால் போட்டார். மாடுகளுக்குக்கூடக் கொடுக்கவில்லை. பிறகு என் எதிரே வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"டாக்டரு வெதைன்னு சொன்னாங்களாமே."

கணவர் சொல்லியிருக்கிறார்.

"மண்ணுல வச்சா எதுவும் மொளைக்கத்தான செய்யும். நான் அத இங்க வச்சேன், அது உள்ள மொளைச்சிடுச்சா?"

வயலில் ஆயுளைக் கழித்த ஒருவரிடமிருந்து வந்த கேள்வி அது. முட்டாள்தனம் என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை. என் வயிற்றில் நடந்ததாக மருத்துவர் சொன்னதும் ஏறத்தாழ அதே கதைதான், நிலம் மட்டும்தான் வேறு. "இல்லத்த" என்றேன். "எடுக்கறதுக்கு முன்னாடியே அது உள்ள கசிஞ்சிடுச்சாம். நீங்க பொதைச்சது வெளிய எடுத்தத. உள்ள சிந்துனதுக்கு நீங்க இன்னா பண்ணுவீங்க?"

"சத்தியமா?"

"சத்தியமா."

"அப்ப நேரத்தோட குடுத்திருந்தா?"

முன்பே தெரிந்திருந்தால் வயிறு இத்தனை நிரம்புவதற்குள் பிடித்திருக்கலாம் என்பதை நான் அறிவேன். அதைச் சொல்லவில்லை. அவருடைய கையை எடுத்து என் கைக்குள் வைத்துக்கொண்டேன். அது வாழைக்கறை பட்டுக் கருத்திருந்தது. முந்தானையால் துடைத்தேன், போகவில்லை.

மருத்துவமனைக்குக் கூப்பிட்டார்கள். அறைக்குள் நுழையும்போதே அந்தப் பெண் மருத்துவர் எழுந்து நின்றார். எழுந்து நிற்பது நல்லதா கெட்டதா என்று கணிக்க முயன்றேன்.

"சதை நல்லா இருந்துச்சி. தெளிவா படிக்க முடிஞ்சிது. மெதுவா வளர்ற வகை" என்றார்.

கணவர் சுவரில் சாய்ந்து அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். "சார், நாற்காலி இருக்குது" என்றாள் செவிலி. அவர் எழவில்லை.

அந்த நிம்மதி சாலையைத் தொடும் வரைதான் இருந்தது. அடுத்த பயம் தயாராக நின்றது. இதற்கான அறுவை சிகிச்சை செய்யும் குழு சென்னையில் இருந்தது. அங்குள்ள மருத்துவர் காகிதத்தில் வயிற்றை வரைந்து விளக்கினார். நெஞ்சுக்குழியிலிருந்து அடிவயிறு வரை திறப்பார்கள். ஜவ்வு படிந்த எல்லாவற்றையும் எடுப்பார்கள். பிறகு புற்றுநோய் மருந்தைச் சூடாக்கி வயிற்றுக்குள் சுற்றவிட்டு, கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருப்பதைக் கொல்வார்கள். சிறுகுடலில் மிகுதியாகப் படிந்திருந்தால் மட்டும் எதுவும் செய்ய இயலாது. திறந்து பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். உள்ளே போனால்தான் அது தெரியும்.

அத்தையிடம் இதைச் சொன்னேன். "உள்ள சுடுதண்ணி ஊத்திக் கழுவுவாங்களா? பால் குண்டானக் கழுவறாப்பலயா?"

"கிட்டத்தட்ட."

"நல்லா தேய்க்கச் சொல்லு" என்றார். அறுவை அறைக்குள் தள்ளுவண்டியில் போகும்போது எனக்கு நினைவில் இருந்தது அந்த வாக்கியம் ஒன்றுதான். எந்தப் பெரிய புத்தகத்தின் வரியும் உடன் வரவில்லை.

காலையில் உள்ளே போனேன். கண் விழித்தபோது தொண்டைக்குள் குழாய் இருந்தது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: செய்தார்களா, மூடிவிட்டார்களா? சீக்கிரம் மூடியிருந்தால் இன்னும் பகலாக இருக்கும். ஒரு சன்னலாவது இருக்கிறதா என்று தேடினேன். அந்த அறையில் சன்னல் இல்லை, எப்போதும் ஒரே வெள்ளை வெளிச்சம். செவிலியிடம் கையை அசைத்துக் கேட்டேன். வலிக்கிறது என்று நினைத்து அவள் மருந்தைக் கூட்டினாள். மயக்கம் என்னை மீண்டும் இழுத்தது; பதில் தெரியாமல் போகிறேனே என்று உள்ளுக்குள் அலறினேன். என் வாழ்வில் நான் அதிகம் பயந்தது அந்த நொடியில்தான். சாவை நினைத்து அல்ல. தீர்ப்பு எழுதி முடிந்துவிட்டது, சுற்றியிருக்கும் எல்லோருக்கும் அது தெரியும், எனக்கு மட்டும் தெரியாது என்ற நிலையை நினைத்து.

அடுத்த விழிப்பில், பச்சை அங்கியும் முகமூடியும் அணிந்த ஒருவர் கட்டில் அருகே நின்றார். கண்களை வைத்துக் கணவர் என்று அறிந்தேன்.

"எடுத்துட்டாங்க" என்றார். "எல்லாத்தையும் எடுத்துட்டாங்க. சிறுகுடல்ல அதிகம் இல்லியாம்." பிறகு, களத்தில் மூட்டை கணக்குச் சொல்வது போல் விரல் மடக்கிச் சொன்னார்: பெருங்குடலில் ஒரு பாதி, கருப்பை, இரண்டு சினைப்பைகள், பித்தப்பை, மண்ணீரல், குடலை மூடியிருந்த கொழுப்புத் திரை. நடுவில் நிறுத்தி, "அம்மா போன் பண்ணிச்சி. எல்லாத்தையும் ஆஸ்பத்திரியிலியே வச்சிக்கச் சொல்லு, ஒண்ணையும் எடுத்துக்கினு வராதன்னுச்சி" என்றார். குழாயோடு சிரிக்க முடியாது. என் கண்ணோரம் நீர் வழிந்ததைத் துடைத்துவிட்டு, அழாதே என்றார்.

உடம்பு தேறுவதற்கு நெடுங்காலம் பிடித்தது. முதலில் தண்ணீரை ஸ்பூனால் குடித்தேன். பிறகு கஞ்சி. கட்டிலிலிருந்து கதவு வரை மகளின் தோளைப் பிடித்து நடந்தேன். மண்ணீரல் இல்லாததால் சாதாரணக் காய்ச்சலும் ஆபத்து என்றார்கள். பல தடுப்பூசிகள் போட்டார்கள். மகள் பொதுத்தேர்வு எழுதிய நாட்களில் நான் பாயில் கிடந்து, அவள் சைக்கிள் வரும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். ஆனி மாதம் பள்ளி திறந்தபோது கரும்பலகை முன் நின்றேன். எழுத ஆரம்பித்துப் பாதியில் நாற்காலியில் உட்கார்ந்தேன். பிள்ளைகள் ஒருவரும் சத்தம் போடவில்லை. அந்த அமைதிகூட என்னைப் பயமுறுத்தியது. அவர்களுக்கும் சொல்லிவைத்திருக்கிறார்கள் என்று புரிந்தது.

பயம் என்னை விட்டுப் போய்விட்டது என்று சொல்ல விரும்புகிறேன். அப்படிச் சொன்னால் பொய்யாகிவிடும். இது மெதுவாக வளர்வது என்பதே ஆறுதல், அதுவே அச்சமும். மெதுவாக வளர்வது மெதுவாகத் திரும்பியும் வரும். ஆண்டுதோறும் ஸ்கேன் எடுக்க வேண்டும். அதற்கு முந்தைய வாரம் நான் யாரோடும் ஒட்டாமல் நடமாடுவேன். இரண்டு இட்லிக்கு மேல் சாப்பிட முடிகிறதா என்று சோதிப்பதற்காகவே மூன்றாவதை எடுப்பேன். பாவாடை நாடாவின் தடத்தைப் பார்ப்பேன். வீட்டில் மற்றவர்கள் அதைப் பார்க்காதது போல் இருப்பார்கள். அந்த வாரத்தில் கணவர் என்னிடம் எதற்கும் மறுப்புச் சொல்வதில்லை. அத்தை மாடுகளை அதட்டுவதில்லை.

இந்த ஆண்டின் ஸ்கேன் சென்ற வாரம் முடிந்தது. மருத்துவர் படங்களை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான் படங்களைப் பார்க்கவில்லை, அவருடைய முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிப் படத்தையும் முடித்துவிட்டு, "அடுத்த வருஷம் வாங்க" என்றார். அடுத்த வருஷம் என்ற சொற்களை அவர் எவ்வளவு எளிதாகச் சொல்லிவிடுகிறார்.

அத்தைக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை. கணவர் பம்பு செட்டுக்குப் போயிருக்கிறார். மகள் விடுதியிலிருந்து விடுமுறைக்கு வந்து உள்ளறையில் தூங்குகிறாள். இன்றைய தேதிக்கு, நாங்கள் நான்கு பேரும் இருக்கிறோம்.